ஏற்கவும், மறுக்கவும்

"பதினோரு மணிக்குள்ள ஆகணும்ணே." சரண்யாதேவி கடைச் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தே முக்கால்.

அவனியாபுரத்தில் ஆசிப்பின் கம்ப்யூட்டர் கடை. மேசை மேல் அவள் கணவன் தமிழ்மாறனின் கம்ப்யூட்டர், புது மதர்போர்டோடு. திரை மூலையில் 'விண்டோஸ் லைசென்ஸ் செல்லாது' என்ற எழுத்து மங்கலாக நின்றது.

"எட்டு மாசமா யாரும் தொடாத மிஷினு. பழைய போர்டும் நல்லாத்தான் ஓடுச்சு. மாத்தியே ஆகணும்னு நின்னீங்க. இப்பப் பாருங்க, இது வேற மிஷினுன்னு லைசென்ஸ் முரண்டு பிடிக்குது."

"தெரியும்ணே. போன தடவை போர்டு மாத்துனப்பவும் அவரு போனுக்குத்தான் கேட்டு வந்துச்சு. அமுக்குனாரு, சரியாயிருச்சு."

"இப்ப எங்க அவரு?"

"வெளியூரு. நீங்க அவரு போனுக்கு அனுமதி கேட்டு அனுப்புங்க."

அவள் செல்போன் அலறியது. மேலூரிலிருந்து மாமனார் விருமாண்டி.

"எம்புட்டு நேரந்தான் தாயி? சொந்தபந்தம் அம்புட்டும் வந்திருச்சு. பந்தல்ல உன்னையத்தான் கேக்குறாங்க."

"வாரேன் மாமா. நான் சொல்றவரைக்கும் எதையும் ஆரம்பிச்சிராதீங்க."

"வீட்ல விசேஷமாம்மா?" என்றான் ஆசிப்.

"ம்."

அவன் பொத்தானைத் தட்டினான். "போயிருச்சு. அவரு போன்ல 'ஏற்கவும்', 'மறுக்கவும்'னு ரெண்டு வரும். அவரு விரல் ரேகை வச்சாத்தான் ரெண்டுல எதுவுமே நடக்கும், வேற ஆளு தொட முடியாது. ஒரு போன் போட்டு ஏற்கச் சொல்லிருங்க."

"போட்டா எடுக்க மாட்டாருண்ணே."

திரையில் வட்டம் சுற்றியது. நேரம் முடிந்து அணைந்தது. மறுபடி அனுப்பினான். மறுபடியும் பதில் இல்லை.

"இதான் கடைசி. இதுக்கு மேல கேட்டா அக்கவுண்டே பூட்டிக்கிரும்."

சரண்யாதேவி மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். வட்டம் சுற்றியது. சுற்றியது. சட்டென்று நின்றது.

'உங்கள் கோரிக்கை மறுக்கப்பட்டது.'

ஆசிப் தலையில் அடித்துக்கொண்டான். "என்ன மனுசன்மா உங்க வீட்டுக்காரரு! மறுத்துட்டாரே! எல்லாம் போச்சு!"

அவள் சிரித்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. மேலூருக்குப் போன் போட்டாள்.

"கருமாதியை நிறுத்துங்க மாமா... எட்டு மாசமாக் காணாத உங்க மகன் உசுரோட இருக்காரு!"