முந்துகிறது தலைவர் குதிரை!

"தலைவர் குதிரை ஜெயிக்கலன்னா, கோயில் திருவிழாவோ மாதா தேரோ, இனிமே எதுலயும் உன் கையில மைக்கு இருக்காது" என்று லூர்து பிரகாஷின் காதில் ஓதிவிட்டுப் போனார் விழாக்குழு தேவநாதன். அவன் வீட்டில் அடுப்பு எரிவதே மைக் பிடித்துத்தான்.

கடலூர் கடற்கரை மேடையில் தலைவர் செந்தமிழ்செல்வன் பொன்னாடைகளுக்குள் புதைந்து உட்கார்ந்திருந்தார். பந்தயம் கிளம்பும் இடம் கண்ணுக்கெட்டாத தூரம். அங்கிருந்து நண்பன் தைரியராஜ் போனில் சொல்லச் சொல்ல, பிரகாஷ் மைக்கில் வர்ணித்தான்.

"மச்சான், தலைவர் குதிரை நவுரவே மாட்டேங்குது."

"புயல் போலப் புறப்பட்டது தலைவர் குதிரை! மின்னல் ராணி பின்தங்குகிறது!"

"கரும்பு லாரியப் பாத்துட்டு நின்னு தின்னுதுடா."

"முந்துகிறது தலைவர் குதிரை! வெள்ளைச் சிங்கத்துக்கு மூச்சு வாங்குகிறது!"

கூட்டம் விசிலடித்தது. தலைவர் மீசையைத் தடவினார்.

"மச்சான், லாரி பெண்ணாடம் மில்லுக்குக் கெளம்பிருச்சு. குதிரையும் பின்னாலயே போவுது."

"திருப்புடா, உன் கால்ல வுழறேன்!" என்று மைக்கைப் பொத்திக்கொண்டு பிரகாஷ் கெஞ்சினான்.

கடைசியில், குதிரையை ஓட்டப் போனவன் மட்டும் சவுக்கோடு நடந்து வந்தான். தலைவர் பாய்ந்து வந்து பிரகாஷின் சட்டையைப் பிடித்தார்.

"எவன்டா என் குதிரையத் தோக்கடிச்சது? மின்னல் ராணி யாருது? வெள்ளைச் சிங்கம் யாருது?"

"அப்பிடி எதுவுமே இல்லீங்க தலைவரே. உங்களுக்குப் பயந்து ஒருத்தரும் குதிரைய எறக்கல. பந்தயத்துல இருந்ததே உங்க குதிரை ஒண்ணுதான்."

மைக்கை அணைக்க மறந்திருந்தான்.