பிள்ளையாருக்கு ஒதுக்கிய இடம்

"பிள்ளை எங்க சேர்?"

கார் நிறுத்தும் இடத்தைக் கவனிக்கும் ஜெயராஜ் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு காருக்குள் எட்டிப் பார்த்தான். முன்னால் ஐம்பதைத் தாண்டிய ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். பின் சீட் காலியாகக் கிடந்தது.

"பிள்ளையா? போர்டுல அப்படியா போட்டிருக்கு? நல்லாப் படிங்க தம்பி" என்றார் அவர்.

கண்டியில் இருக்கும் அந்த சூப்பர் மார்க்கெட்டில், வாசலை ஒட்டிக் கூரை போட்ட ஒரேயொரு தரிப்பிடத்தைச் சின்னப் பிள்ளைகளோடு வருபவர்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். போர்டு மூன்று மொழியில். சிங்களமும் இங்கிலீஷும் ஒழுங்காகவே இருந்தன. தமிழுக்கு மட்டும் தனிக் கவனிப்பு. 'பெற்றோர், பிள்ளைகள் வாகனங்களுக்கு மாத்திரம்' என்று வரவேண்டியதை, எழுத்து அடித்த புண்ணியவான் 'பெற்றோர், பிள்ளையார் வாகனங்களுக்கு மாத்திரம்' என்று அடித்துக் கொடுத்துவிட்டார். ஜெயராஜ் மூன்று தடவை சொல்லியும் புதுப் போர்டு வந்தபாடில்லை.

"பிள்ளையார் இந்தா இருக்காரு" என்று டேஷ்போர்டில் ஒட்டியிருந்த சின்னச் சிலையைக் காட்டினார் அவர். பிறகு கண்ணாடியில் இருந்த சிவன் பார்வதி ஸ்டிக்கரைத் தொட்டார். "பெத்தவங்களும் இருக்காங்க. குடும்பமா வந்திருக்கோம். இதுக்கு மேல என்ன வேணும்?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

"சேர், பிள்ளையாரோட வாகனம் மூஞ்சூறு. நீங்க மூஞ்சூறுல வந்திருந்தா நானே கும்பிட்டு உள்ள விட்டிருப்பேன். இது கார்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். வாடிக்கையாளரிடம் வாயாடுகிற நேரமா இது? ஆறு மாதத் தற்காலிக வேலை முடிந்து, திங்கட்கிழமை நிரந்தரக் கடிதம் வரவேண்டும். அதற்கு முன்னால் ஹெட் ஆபீஸிலிருந்து வாடிக்கையாளர் மாதிரி ஆள் அனுப்பி ஆழம் பார்ப்பார்கள் என்று மரக்கறிப் பக்கம் நிற்கும் ஹுஸைன் காலையில்தான் எச்சரித்திருந்தான். இந்த மனிதரின் மடிப்புக் கலையாத சட்டையையும் குறுக்குக் கேள்வியையும் பார்த்தால் அப்படித்தான் தோன்றியது.

கடிதம் கைநழுவினால் சம்பளம் மட்டுமா போகும்? அவன் காதலிக்கும் தர்ஷிகாவும் போய்விடுவாள். கம்பளையில் இருக்கும் அவள் அப்பாவை அவன் கண்ணால்கூடக் கண்டதில்லை. 'முதல்ல கடிதத்தைக் காட்டச் சொல்லு, பொறகு பேசலாம்' என்று மகளிடம் ஒரே பிடியாக நிற்கிறாராம்.

பின்னால் ஹோர்ன் சத்தம். மடவளை ஊர் அபீபா. இரண்டு சின்னப் பிள்ளைகளோடு வாராவாரம் வருபவர்.

"எடம் இல்லையா தம்பி?" என்று கண்ணாடியை இறக்கினார். "சின்னவன் இப்பதான் தூங்கினான். பரவால்ல, நான் அங்கால கொண்டு போய்ப் போடுறேன்."

'அங்கால' என்றால் சரிவுக்குக் கீழே, கூரையில்லாத கடைசி வரிசை. ஒரு பிள்ளையைத் தோளில் போட்டு இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் இந்த மழையில் ஏறி வரவேண்டும்.

"கொஞ்சம் நில்லுங்க தாத்தா" என்றான் ஜெயராஜ். பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படிக் கூப்பிட்டுத்தான் அவனுக்குப் பழக்கம்.

காரிலிருந்தவர் குரலை உயர்த்தினார். "நான் மெனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா உன் வேலை என்னாகும்னு தெரியுமா?"

தெரியும். பயமாகத்தான் இருந்தது.

"சொல்லுங்க சேர். போர்டுல இருக்கிறது எங்க பிழைதான். ஆனா இப்ப நனையப் போறது அந்தப் பிள்ளை, பிள்ளையார் இல்ல. காரைக் கீழ போடுங்க. அம்மாவை நான் குடையில கூட்டிட்டுப் போறேன். உங்களுக்கும் திரும்பி வந்து பிடிக்கிறேன்."

அவர் காரைப் பின்னால் எடுத்தார்.

அபீபாவின் கார் கூரைக்குள் வந்து நின்றது. தூங்கிய பிள்ளை தூங்கியபடியே உள்ளே போனது. ஜெயராஜ் சொன்னபடி அந்த அம்மாவை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, மறுபடி சரிவில் இறங்கினான். குடை ஒருவருக்குத்தான் காணும். அதை அவருக்குப் பிடித்துவிட்டுத் தான் மழையில் நடந்தான். வேலை போனது போனதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

வாசலுக்கு நாலு அடி இருக்கும்போது அவர் நின்றார்.

"பேரு ஜெயராஜ்தானே?"

"ஆமா சேர்."

"திங்கக்கிழமை நிரந்தரக் கடிதம் வரணுமாமே?"

அவ்வளவுதான். சந்தேகமே இல்லை. "சேர்... ஹெட் ஆபீஸா?"

"ஹெட் ஆபீஸ் அந்தா நிக்கிறாங்க" என்று வாசலில் நின்ற மனைவியைக் காட்டிச் சிரித்தார் அவர். "நாங்க கம்பளை. கடிதம் வர்ற நேரம் வரட்டும் தம்பி."

ஜெயராஜ் நின்ற இடத்திலேயே நின்றான். அந்த அம்மா அங்கிருந்தே கணவரை அதட்டினார்.

"சோதிச்சது போதும்ங்க, குடையை வாங்கி நீங்க பிடிங்க. மாப்பிள்ளை நனையிறாரு!"