பஸ்ரியன் அண்ணை நடந்திட்டாரோ?

"பஸ்ரியன் அண்ணை நடந்திட்டாரோ?"

கிடுகு வேலிக்கு அப்பாலிருந்து லூசியா கேட்டாள். ஊரடங்கு எடுபட்டு, கோயில் மணி அடித்து ஓய்ந்ததும் தினமும் இதே கேள்விதான்.

"இன்னும் இல்லையடி. இப்பதான் வெளிக்கிடுறார்" என்றாள் பெற்றிசியா. குடம் இடுப்பில் தயாராக இருந்தது.

கதிரையில் இருந்த அவள் புருசன் சிங்கராசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்தாள் நடந்தால் உங்களுக்கென்ன, நடக்காட்டி உங்களுக்கென்ன?"

"நீங்கள்தான் நடக்கிறேல்லை. நடக்கிற மனிசரைப் பற்றிக் கதைக்கவும் கூடாதோ?"

சுட்டது. சுடத்தான் செய்யும். சிங்கராசா கிளாக்கர். வவுனியாக் கந்தோரிலிருந்து மாற்றலாகி, பாஸ்குத் திருநாளுக்குத்தான் மன்னாரில் பெற்றிசியாவிடம் வந்து சேர்ந்தார். வந்த கையோடு டொக்டர் சீனி வருத்தம் என்றார், விடிய எழும்பி நடக்கச் சொன்னார். சிங்கராசாவும் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஒரு கிழமை நடந்தார். பிறகு வெயில் ஏறியது. சோளகக் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது.

"மாரி வரட்டும், நடப்பம்" என்று கதிரைக்குத் திரும்பிவிட்டார்.

அயல் வீட்டுப் பஸ்ரியன் விடவில்லை. மீன்பிடிகாரர், ஆனால் கடலுக்குப் போகத் தடை. சும்மா இருக்கிற மனிதர். பனை வடலிக்காட்டுக்குள் இருக்கும் நல்ல தண்ணிக் கிணறு வரை மணல் பாதையில் போய் வருவார். வெயிலோ காற்றோ, ஒரு நாள் தவறியதில்லை. அவர் திரும்பிய பிறகுதான் பெண்கள் குடங்களோடு கிளம்புவார்கள். கோடையில் வீட்டுக் கிணறெல்லாம் உப்பாகிவிடும்.

"அதென்ன நடை?" என்பார் சிங்கராசா. "கையில ஒரு தடி. குனிஞ்ச தலை. துலைஞ்ச மோதிரத்தைத் தேடுற மாதிரி!"

பெற்றிசியா ஒரு நாளும் சிரித்ததில்லை.

நடை முடிந்ததும் பஸ்ரியன் சிங்கராசா வீட்டுப் படலையில் நிற்பார். பெற்றிசியா தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பாள். சீனி போட்டு.

"எனக்கு வெறுந்தேத்தண்ணி. அவருக்குச் சீனித் தேத்தண்ணி. கூப்பன் கடையில சீனியைக் கண்ணால கண்டு எவ்வளவு காலம்!"

"உங்களுக்குச் சீனி வருத்தம் அப்பா."

"அவரும் அதுக்குத்தானே நடக்கிறன் எண்டவர்?"

பெற்றிசியா கோப்பையைக் கழுவப் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிங்கராசா பொறுக்கமாட்டாமல் ஒழுங்கை முடிவு வரை போய் மறைந்து நின்று பார்த்தார். மணலில் பஸ்ரியனுடைய காலடித் தடங்கள் மட்டும் ஒரு வரிசையாகப் போயிருந்தன. பெற்றிசியா அந்தத் தடங்களுக்குள்ளேயே தன் காலை வைத்துப் போனாள். பாதை வண்டில் போகிற அகலம். ஆனாலும் அவள் ஒரு அடி விலகவில்லை. பஸ்ரியனுக்கு நீளக் கால். எட்டாத இடத்தில் எட்டி எட்டி வைத்தாள்.

அன்று பகல் சிங்கராசா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினார்.

"நாளைக்கு நடந்து காட்டுறன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் லூசியாவின் குரல் கேட்குமுன்பே கன்வஸ் சப்பாத்தை மாட்டினார். பெற்றிசியா குசினியில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். சத்தம் காட்டாமல் படலையைத் திறந்தார்.

இரவுக் காற்றில் மணல் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. ஒரு தடமும் இல்லை. சிங்கராசா பாதையின் நடுவே கையை வீசி வீசி நடந்தார். இன்றைக்கு முதல் தடம் அவருடையது. பெற்றிசியா இதற்குள் காலை வைத்து வரட்டும், பார்ப்போம்.

பாதையோரம் ஒரு கழுதையின் எலும்புகள் வெளுத்துக் கிடந்தன. மன்னாரில் செத்த கழுதைக்கா பஞ்சம்? தாண்டிப் போனார்.

"கிளாக்கர்! நில்லுங்கோ! காலை எடுக்காதேங்கோ!"

திரும்பிப் பார்த்தார். பஸ்ரியன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். சிங்கராசாவுக்குச் சிரிப்பு வந்தது.

"என்ன பஸ்ரியன், நான் முந்திப்போட்டன் எண்டு பொறாமையோ?"

பஸ்ரியன் சிங்கராசாவின் சப்பாத்துத் தடங்களுக்குள் மட்டும் காலை வைத்து வைத்து வந்தார். முகத்தில் இரத்தம் இல்லை. தூரத்தில், ஒழுங்கை முடிவில் பெற்றிசியா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். லூசியா அவளை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

கிட்ட வந்ததும் பஸ்ரியன் மூச்சு வாங்கினார்.

"கிளாக்கர், அந்தக் கழுதை மாசி மாதம் கண்ணிவெடியில போனது. நீங்கள் அப்ப வவுனியாவில. ராவில ஆர் வாறாங்கள், எதைப் புதைக்கிறாங்கள் எண்டு இஞ்ச ஒருதருக்கும் தெரியாது. பெற்றிசியாப் பிள்ளை உங்களுக்குச் சொல்லேல்லைப் போல. சொன்னால் தண்ணிக்கு விடமாட்டியள் எண்டு பயந்திருக்கும்."

சிங்கராசா எடுத்த காலை மெல்லப் பழைய தடத்துக்குள்ளேயே வைத்தார்.

"அப்ப... உம்மட சீனி வருத்தம்?"

"எனக்கேது சீனி வருத்தம்?"

பஸ்ரியன் அவரைத் தோளில் பிடித்து மெல்லத் திருப்பினார். பிறகு தடியை முன்னே நீட்டி, மணலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"வந்த தடத்திலேயே காலை வைச்சுத் திரும்பிப் போங்கோ. பெண்டுகளையும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ. இண்டைக்கு நான் இன்னும் நடக்கேல்லை."