டீச்சர் தலையில் பேன்

"டீச்சர் தலையில பேனாம் மேடம்! அதை வெக்கமில்லாம சீட்டுல எழுதி வேற அனுப்பியிருக்காங்க!"

இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா போட்ட சத்தத்தில், வராண்டாவில் கண்ணசந்திருந்த பியூன் திடுக்கிட்டு எழுந்து மணியை அடித்தே விட்டார். பள்ளி விட இன்னும் இருபது நிமிடம் இருந்தது. வெளியே பாய்ந்த பிள்ளைகளைத் திரும்ப உள்ளே தள்ள அன்றைக்கு ஒருவருக்கும் தெம்பில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

பள்ளி திறந்து ஐந்து நாள்தான் ஆகிறது. மூன்று பிள்ளைகளுக்கு அம்மை. ஒன்பது பேருக்கு இருமல். தண்ணீர்த் தொட்டி கழுவ வந்தவன் பாதித் தொட்டி கழுவியதோடு சாப்பிடப் போனான், முந்தாநாள். இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை. இப்போது பேன்.

சீட்டை வாங்கிப் படித்தார்.

'அன்புள்ள பெற்றோருக்கு, வகுப்பாசிரியையான என் தலையில் பேன் இருப்பது தெரியவந்தது. பிள்ளைகள் என்னோடு ஒட்டி உட்காருவதால், இன்றிலிருந்து பத்து நாள் வீட்டில் பிள்ளைகளுக்குப் பேன்சீப்பால் தலை வாரிவிடவும். சிரமத்துக்கு வருந்துகிறேன்.'

இருபத்தாறு வருட சர்வீஸில் இப்படி ஒரு வாக்குமூலத்தை அவர் பார்த்ததில்லை.

"என் பொண்ணு தண்ணி பாட்டிலைக்கூட நான் தினம் கொதிக்கிற தண்ணியில கழுவறேன். இவங்க என்னடான்னா தலையில ஒரு பண்ணையே வச்சுக்கிட்டு வந்து நிக்கறாங்க!"

கதவோரம் நின்ற டீச்சர் கையெல்லாம் சாக்பீஸ். "மன்னிச்சுக்குங்கம்மா" என்றாள்.

"மன்னிப்பு கேட்டா பேன் போயிடுமா? இதே ஒரு பிள்ளைக்கு இருந்தா அதை வெளிய நிறுத்தியிருக்க மாட்டீங்க? நானா இருந்தா அந்தப் பிள்ளை வீட்டையே உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பேன்!"

"பிள்ளை இல்லைங்களே. நான்தானே. என் மேல புகார் எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

அந்த அம்மா எழுதினாள். ஒரு பக்கம் முழுக்க எழுதி, 'அசுத்தம்' என்ற சொல்லுக்குக் கீழே தாள் கிழிகிற மாதிரி இரண்டு கோடு போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள்.



"கதவைச் சாத்திட்டு வந்து உட்காரு" என்றார் தலைமையாசிரியை, முதலுதவிப் பெட்டியிலிருந்து பேன்சீப்பை எடுத்தபடி.

"எதுக்கு மேடம்?"

"ஹாஸ்டல்ல தனியாக் கிடக்கிற. உனக்கு யாரு வாரிவிடப் போறா? ரெண்டு பொண்ணுங்களை வளர்த்த கை இது."

"வேண்டாம் மேடம், நானே..."

"உட்காருன்னா உட்காரு."

மேசையில் வேறு வெள்ளைத்தாள் அகப்படவில்லை. புகாரையே கவிழ்த்துப் போட்டு, கொண்டையை அவிழ்த்து வாரத் தொடங்கினார். காதுக்குப் பின்னால், பிடரியில், உச்சியில். ஐம்பது தடவை வாரியிருப்பார். தாளில் இரண்டு முடியும் கொஞ்சம் சாக்பீஸ் தூளும் விழுந்தன.

"இது என்ன தலையா, ஆபரேஷன் தியேட்டரா? ஒரு ஈர் கூட இல்லையே! ஏன் அப்படி எழுதுன?"

டீச்சர் தலையைத் திருப்பவில்லை.

"ஒரு பிள்ளை தலையில பாத்தேன் மேடம். 'வகுப்பில் ஒரு பிள்ளைக்கு'ன்னு எழுதியிருந்தா, பொழுது சாயறதுக்குள்ள முப்பத்தெட்டு வீட்டுலயும் அது யாருன்னு தேட ஆரம்பிச்சிருப்பாங்க. கண்டுபிடிச்சிட்டா, அஞ்சாவது முடிக்கிற வரைக்கும் அதுக்கு அதுதான் பேரு. பக்கத்துல ஒருத்தரும் உட்கார மாட்டாங்க. எனக்குன்னு எழுதிட்டா தேடறதுக்கு ஆள் இல்லை பாருங்க. எல்லாத் தலையும் சீப்பைப் பாத்துடும்."

"யாரு அந்தப் பிள்ளை? என்கிட்டயாவது சொல்லு. இந்தப் புகார் கோப்புக்குள்ள போச்சுன்னா, அடுத்த மாசம் உன்னை நிரந்தரம் பண்றதை மறந்துட வேண்டியதுதான்."

"வேண்டாம் மேடம். போனாப் போகட்டும்."

தலைமையாசிரியைக்குக் கோபப்படக்கூட அலுப்பாக இருந்தது. எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்.

வாசலில் அந்த அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் நாலு அம்மாக்களிடம் டீச்சரின் தலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லச் சொல்ல, ஸ்கூட்டர் சாவியால் தன் தலையைப் பரக்குப் பரக்கென்று சொறிந்தாள். கை வலித்ததோ என்னவோ, மகளை விட்டுவிட்டு அந்தக் கையாலும் சொறிந்தாள்.

தலைமையாசிரியை திரும்பி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அடிப்பாவி" என்றார் மெதுவாக. "அவங்க பொண்ணா?"

டீச்சர் பெருமூச்சு விட்டாள்.

"பொண்ணு தலையைத் தினம் மத்தியானம் நானே வாரிவிட்டுடறேன் மேடம். அம்மா தலைக்கு என்ன எழுதறதுன்னுதான் தெரியலை."

தலைமையாசிரியை புகாரை எட்டாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"எழுதிக்கோ. 'தலைமையாசிரியை தலையிலும் பேன் இருக்கிறது. இந்த வாரம் அவர் அறைக்கு வந்துபோன பெரியவர்களும் தலை வாரிக்கொள்ளவும்.' கீழே நான் கையெழுத்துப் போடறேன்."