விளக்குண்ணி

அந்தி மயங்கும் நேரத்தில், செவலைப் பசுவின் கழுத்து மின்மினி அப்பிய வேலியைப் போல நீலமாய் மினுங்கத் தொடங்கியது. தவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்த பாவாத்தாள் அப்படியே நின்றுவிட்டாள்.

கால்நடைத் துறை மாடுகளின் மேல் விட்டிருந்த விளக்குண்ணிகள் அவை. மாட்டின் ரத்தத்தில் காய்ச்சல் கிருமி இருந்தால், அதைக் குடித்த உண்ணிக்குள் எதுவோ விழித்துக்கொண்டு ஒளிரும். அதுவரை ஒன்றைக்கூடப் பிடுங்கக் கூடாது. செவலையோ, பிடுங்கிவிடச் சொல்லித் தினமும் கழுத்தை நீட்டும். பாவாத்தாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

"போன் பண்ணிட்டேன். காத்தால வண்டி வருதாமா புள்ள," என்றான் புருஷன் சென்னியப்பன். அந்த வண்டியேறிய மாடு எதுவும் ஊர் திரும்பியதில்லை.

"ஏனுங்க, இனிமேல் பிடுங்கலாமுங்களா?"

"எரிஞ்சதுக்கப்புறம் என்ன? பிடுங்கு."

படுத்திருந்த செவலையின் அருகில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சொம்பில் போட்டாள். அது அசைபோடுவதைக்கூட மறந்து, கண் செருகி, அவள் மடியில் கழுத்தைச் சாய்த்தது. சொம்பு நிறைய நீல வெளிச்சம் தளும்பியது. கட்டுத்தரையே குளத்துக்கு அடியில் கிடப்பதுபோல் மெல்ல அசைந்தது.

பக்கத்தில் நின்ற கன்று மயிலையும் ஆசையாய்க் கழுத்தை நீட்டியது. அதன் மேலிருந்த உண்ணிகள் எல்லாம் இருட்டாகவே இருந்தன.

பாவாத்தாள் வெடுக்கென்று கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"உனக்கு வேண்டாஞ் சாமி. நீ நீட்டிக்கிட்டே இரு."