நார்மல் என்று சொன்ன பிறகு

இது என் அறைத்தோழன் சொல்லி நான் கேட்ட கதை.

மத்தியானச் சாப்பாடு முடிந்து அமிர்தராஜ் என்ற பெரியவர் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய இதயம் மட்டும் தடதடவென்று ஓடிக் களைத்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே, தொட்டியை நிரப்பிவிட்டுத் தண்ணீர் மோட்டார் ஓய்ந்திருந்தது.

"ஏன் தம்பி இப்படி இரைக்குது?" என்றது மோட்டார்.

"ரத்தக் குழாயெல்லாம் இறுகிப்போச்சு அண்ணே. முட்டித் தள்ளவேண்டியிருக்கு. எத்தனை நாள் தாங்குவேனோ."

"மாத்திரை போடுறாரே?"

"போன வாரம் பிரஷர் நார்மல்னு டாக்டர் சொன்னாங்க. அன்னைக்கே இவர் மாத்திரையை நிறுத்திட்டார்."

"அட கூத்தே! நார்மலா வச்சிருந்ததே அந்த மாத்திரைதானே! நான் ரிப்பேரானா சத்தம் போடுவேன், மனுஷன் ஓடி வருவார். நீயும் கொஞ்சம் வலிச்சுத்தான் காட்டேன்."

"எனக்கு வலிக்கத் தெரியலையே அண்ணே," என்றது இதயம், ஓடிக்கொண்டே.

பிறகு ஒரு செவிலியரிடம் விசாரித்தேன். பிரஷர் ஏறினால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே தெரியாதாம்.