காலைச் சங்கு

எல்கடுவ மலைத் தேயிலைத் தோட்டத்தில் விடிகாலை மழைக்குள் தொழிற்சாலைச் சங்கு ஊதியது. வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கு ஒருவரும் வரவில்லை. தோட்டத்து உதவி அதிகாரியாகப் புதிதாக வந்த சின்னத்துரை குடையோடு கோயில் மேட்டுக்கு ஏறினார். லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளின் சனம் முழுவதும் பிள்ளைகளோடு அங்கே நனைந்துகொண்டு நின்றது.

"என்ன, ஸ்ட்ரைக்கா?"

"இல்லீங்க தொர," என்றாள் முன்னால் நின்ற புஷ்பராணி.

"அப்ப கோயில்ல பொங்கலா?"

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"சங்கு காதுல விழலியா?"

"விழுந்துச்சுங்க. அதான் ஏறி வந்தோம்."

"சங்கு ஊதினா கீழ களத்துக்கு வரணும். இதுகூடத் தெரியாதா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தெரியுங்க. போன புயலுக்கும் இதே சங்கத்தான் ஊதினாங்க. புயலெல்லாம் கடலோரத்துக்குத்தான்னு நாங்க நம்பியிருந்தோம். மல சரியுது, மேல ஓடுங்கன்னு ஊதின சங்காம் அது. யாரும் எங்ககிட்ட சொல்லி வைக்கல. வேலைக்கு நேரமாச்சுன்னு எம் புருஷன் கவ்வாத்துக் கத்திய எடுத்துக்கிட்டு களத்துக்கு ஓடினாரு. மண்ணு அங்கதான் வந்து விழுந்துச்சு."

சின்னத்துரையின் குரல் தணிந்தது. "இது வேலைக்கு ஊதின சங்கும்மா."

"அன்னைக்கு அவரும் அப்படித்தான் நெனச்சாரு. ரெண்டுக்கும் ஒரே சங்க வச்சது நாங்களா? வேல செய்யணும்னா லயத்துக்கு ஆளனுப்பிக் கூப்பிடுங்க, வர்றோம். சங்கு ஊதினா இனிமே மேலதான் ஏறுவோம்."